நடைப்பிணங்களும் வழிநூல்களும்

ஜாம்பிப் படங்களை முனைவர் பட்டத்திற்காக ஆராய்கிறேன் என்று சொன்னால், கேட்பவர் முகத்தில் முதலில் ஒரு புன்னகை தோன்றும். அதைத் தொடர்ந்து பெரும்பாலும் ஒரே கேள்விதான் வரும்: “எல்லாமே ஒன்றைப் பார்த்து ஒன்று எடுத்தவைதானே? அவற்றில் ஆராய என்ன இருக்கிறது?” தமிழகத்துக்கு வெளியே, பல மொழி மாணவர்கள் சேர்ந்து படிக்கும் ஒரு பல்கலைக்கழகத்தில் இருக்கிறேன். இக்கேள்வி எனக்கு இந்தியிலும் ஆங்கிலத்திலும் வந்திருக்கிறது. விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது தமிழிலும் வந்திருக்கிறது. நியாயமான கேள்விதான். அதற்கு ஒரு வரியில் விடை சொல்ல இயலாமையால்தான் இந்த நீண்ட பதிவு. பொறுமையுள்ளவர்கள் படிக்கலாம்.

‘தாக்கம்’, ‘நகல்’ என்னும் இரு சொற்களையும் நாம் எவ்வளவு எளிதாகக் கையாள்கிறோம் என்பதை முதலில் கவனிக்க வேண்டும். நமக்குப் பிடித்த படைப்பாளி முன்னோரிடமிருந்து எடுத்தால் அது தாக்கம். பிடிக்காதவர் எடுத்தால் அது நகல். எடுத்த அளவு இரண்டிடத்தும் ஒன்றாகவே இருக்கக்கூடும். நம் விருப்பு வெறுப்பைத் தள்ளி வைத்துவிட்டு, இவ்விரண்டையும் பிரித்தறிய ஓர் அளவுகோல் உண்டா என்பதே என் ஆய்வின் வினா. அதற்கு ஜாம்பிப் படங்களைக் காட்டிலும் பொருத்தமான களம் எனக்குத் தெரியவில்லை. இங்கே ஏறத்தாழ எல்லோரும் யாரிடமிருந்தாவது எடுத்திருக்கிறார்கள்; பலர் அதை மறைக்கவும் இல்லை.

1968 அக்டோபரில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் ‘நைட் ஆஃப் த லிவிங் டெட்’ முதன்முதலாகத் திரையிடப்பட்டது. ஜார்ஜ் ஏ. ரொமெரோ இயக்கிய முதல் முழுநீளப் படம் அது. விளம்பரப் படங்கள் எடுத்துப் பிழைத்துக்கொண்டிருந்த நண்பர்கள் சிலர் கூடி, ஏறத்தாழ 1,14,000 டாலர் செலவில், கறுப்பு வெள்ளையில் எடுத்தார்கள். இரத்தத்துக்குப் பதிலாகச் சாக்லேட் பாகு. இறந்தவர்கள் எழுந்து உயிருள்ளவர்களைத் தின்னத் தொடங்கும் ஓர் இரவில், பண்ணை வீடொன்றில் அடைபட்டுக்கொண்ட ஏழு பேரின் கதை. பின்னர் உலகெங்கும் வந்த நூற்றுக்கணக்கான படங்களுக்கு இதுவே தாய்ப்படம் என்று எல்லா வரலாறுகளும் சொல்லும்.

ஆனால் அந்தத் தாய்ப்படத்துக்கே ஒரு தாய் உண்டு. ரிச்சர்ட் மாத்தெசன் 1954இல் எழுதிய ‘ஐ ஆம் லெஜெண்ட்’ என்னும் நாவல்தான் அது. உலகம் முழுவதையும் ஒரு நோய் இரத்தக்காட்டேரிகளாக மாற்றிவிட, ராபர்ட் நெவில் என்ற ஒருவன் மட்டும் எஞ்சுகிறான். பகலில் வேட்டையாடுகிறான், இரவில் சன்னல்களைப் பலகையடித்து மூடிக்கொண்டு உள்ளே இருக்கிறான், வெளியே அவை வீட்டைச் சூழ்ந்து நிற்கின்றன. 1964இல் இதை ‘த லாஸ்ட் மேன் ஆன் எர்த்’ என்ற பெயரில், வின்சென்ட் பிரைஸ் நடிக்க, இத்தாலியில் படமாக்கினார்கள். அதில் தள்ளாடி நடந்து வந்து கதவைத் தட்டும் உருவங்களைப் பார்த்தவர்கள், நான்காண்டு கழித்து வந்த ரொமெரோவின் படத்தையும் பார்த்தால் ஒரு கணம் திகைப்பார்கள். ரொமெரோ இதை ஒருபோதும் மறைத்ததில்லை. மாத்தெசனின் நாவலிலிருந்து எடுத்தே தன் முதல் கதையை எழுதியதாகப் பின்னாளைய நேர்காணல்களில் ஒளிவுமறைவின்றிச் சொல்லியிருக்கிறார்.

அப்படியானால் உலகம் போற்றும் அந்தப் படம் ஒரு நகலா? இங்கேதான் எடுத்தவற்றின் பட்டியலோடு மாற்றியவற்றின் பட்டியலையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

மாத்தெசனின் நாவல் தொடங்கும்போது எல்லாம் முடிந்துவிட்டது. ஒருவன் மட்டுமே மிச்சம். ரொமெரோ கதையை முதல் இரவுக்குப் பின்னுக்கு இழுத்தார். வீட்டுக்குள் ஏழு பேரை வைத்தார். இந்த ஒரு மாற்றத்தால் படத்தின் பொருளே வேறாகிவிட்டது. நெவிலின் துன்பம் தனிமை. பண்ணை வீட்டில் இருப்பவர்களின் துன்பம் ஒருவரோடு ஒருவர் ஒத்துப்போக முடியாமை. நிலவறைக்குள் போய்க் கதவைத் தாழிட வேண்டும் என்கிறார் ஹாரி கூப்பர். மேல்தளத்திலேயே இருந்து எதிர்க்க வேண்டும் என்கிறான் பென். வெளியே பிணங்கள் சூழச் சூழ, உள்ளே இந்த வழக்கு முற்றுகிறது. வீட்டைப் பிணங்கள் உடைத்து நுழைவதற்கு முன்பே அந்த வீடு உள்ளிருந்து உடைந்துவிடுகிறது. எந்த நிலவறையைப் பென் சாவுப்பொறி என்று இகழ்ந்தானோ, அதே நிலவறைதான் இறுதியில் அவன் உயிரைக் காக்கிறது.

அடுத்தது முடிவு. நாவலின் இறுதியில், நோயோடு வாழப் பழகிய ஒரு புதிய சமூகம் உருவாகியிருப்பதையும், அந்தச் சமூகத்தின் கண்ணுக்குத் தானே அரக்கன் என்பதையும் நெவில் உணர்கிறான். படத்திலோ, இரவெல்லாம் தாக்குப்பிடித்த பென்னை, காலையில் மீட்க வந்த துப்பாக்கிக் கும்பல் பிணமென்று கருதிச் சுட்டுவிடுகிறது. பென்னாக நடித்த டுவேன் ஜோன்ஸ் கறுப்பினத்தவர். அந்த வேடத்துக்கு வந்தவர்களுள் சிறப்பாக நடித்தவர் என்பதாலேயே அவரைத் தேர்ந்தெடுத்ததாக ரொமெரோ கூறுவார். முடித்த படத்தைக் காரில் எடுத்துக்கொண்டு நியூயார்க் சென்றபோதுதான் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட செய்தியை வானொலியில் கேட்டதாகவும் அவர் நினைவுகூர்ந்திருக்கிறார். கொக்கிகளால் பென்னின் உடலைக் கும்பல் இழுத்துச் செல்லும் அந்த இறுதி நிழற்படங்களை 1968இன் அமெரிக்கப் பார்வையாளர் எதனோடு இணைத்துப் பார்த்திருப்பார் என்பதை விளக்க வேண்டியதில்லை. ‘யார் அரக்கன்?’ என்ற கேள்வி மாத்தெசனுடையது. அக்கேள்வியைத் தன் நாட்டின் தெருவில் கொண்டுபோய் நிறுத்தியது ரொமெரோவுடையது.

இதிலிருந்து எனக்கு ஓர் அளவுகோல் கிடைத்தது. கடன் பெற்றவர், கடன் தந்தவர் கேட்காத ஒரு கேள்வியைக் கேட்டிருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். கேட்டிருந்தால், எடுத்தது எத்துணைப் பெரிதாயினும் அது தாக்கம். கேட்காமல், பழைய விடையையே திரும்பச் சொன்னால், எடுத்தது எத்துணைச் சிறிதாயினும் அது நகல். இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு மற்றப் படங்களிடம் போனேன்.

அதற்கு முன் சட்டத்தைப் பற்றி ஒரு சொல். ‘நைட் ஆஃப் த லிவிங் டெட்’ படத்துக்கு முதலில் வேறு பெயர் இருந்தது. விநியோகஸ்தர் பெயரை மாற்றியபோது, பழைய பெயரோடு இருந்த பதிப்புரிமை அறிவிப்பு புதிய பிரதிகளில் இடம்பெறாமல் போயிற்று. அக்கால அமெரிக்கச் சட்டப்படி அந்த அறிவிப்பு இல்லாமல் வெளியானால் உரிமை போய்விடும். இவ்வாறு படம் பொதுவுடைமையாயிற்று. யார் வேண்டுமானாலும் பிரதி எடுக்கலாம், திரையிடலாம், விற்கலாம். எடுத்தவர்களுக்குச் சேர வேண்டிய பெரும்பணம் சேரவில்லை; படமோ எல்லா ஊருக்கும் போய்ச் சேர்ந்தது.

ஆனால் உரிமை இருந்திருந்தாலும் பின்வந்தவர்களை அது தடுத்திருக்காது. பிணங்கள் எழுவதும், மூளையைச் சிதைத்தால் விழுவதும் கருத்துகள். கருத்துக்கு உரிமை கோர இயலாது. நம் நாட்டில் இதைத் தெளிவாக்கிய தீர்ப்பு 1978இல் வந்தது. பஞ்சாபிக் குடும்பமும் தென்னிந்தியக் குடும்பமும் ஒன்றையொன்று ஐயுறுவதைக் காட்டும் ‘ஹம் ஹிந்துஸ்தானி’ என்ற தன் நாடகத்தை ‘நியூ டெல்லி’ என்ற இந்திப் படம் எடுத்தாண்டுவிட்டது என்று ஆர்.ஜி. ஆனந்த் தொடுத்த வழக்கு அது. கருத்துக்கும் கருப்பொருளுக்கும் உரிமை இல்லை, அவை வெளிப்படுத்தப்பட்ட விதத்துக்கே உரிமை உண்டு என்றது உச்ச நீதிமன்றம். இரண்டையும் கண்ட ஒருவருக்குப் பின்னது முன்னதன் நகல் என்ற ஐயமற்ற எண்ணம் உண்டாகிறதா என்று பார்க்கச் சொன்னது. வழக்கில் ஆனந்த் தோற்றார். இந்த அளவுகோலால் நீதிமன்றம் தன் வேலையைச் செய்துகொள்ளலாம். படைப்பின் மதிப்பை அளக்க அது போதாது.

இனி இத்தாலிக்குப் போகலாம். ரொமெரோவின் அடுத்த ஜாம்பிப் படமான ‘டான் ஆஃப் த டெட்’ 1978இல் வந்தது. பிட்ஸ்பர்க்கை அடுத்த மன்ரோவில் வணிக வளாகத்தில், கடைகள் மூடிய பின் இரவுகளில் எடுத்தார்கள். நான்கு பேர் அந்த வளாகத்தைக் கைப்பற்றி, எல்லாப் பொருள்களும் தமக்கே என்று மகிழ்கிறார்கள். பிணங்களும் வாழ்நாள் பழக்கத்தால் அங்கேயே திரும்பி வந்து கண்ணாடிக் கதவுகளில் மோதுகின்றன. தன் பழைய படத்தையே திரும்ப எடுக்காமல், நுகர்வைப் பற்றிய புதிய கேள்வியோடு ரொமெரோ வந்திருந்தார். படத்துக்குத் துணைநின்றவர் இத்தாலிய இயக்குநர் தாரியோ அர்ஜெண்டோ. அவர் தம் கையால் தொகுத்து, காப்ளின் குழுவின் இசையை மிகுதியாகச் சேர்த்து, இத்தாலியில் ‘ஸோம்பி’ என்ற பெயரில் வெளியிட்டார்.

படம் அங்கே பெருவெற்றி பெற்றது. மறு ஆண்டே, 1979இல், ‘ஸோம்பி 2’ வெளியானது. இயக்கியவர் லூசியோ ஃபுல்ச்சி. ரொமெரோவின் கதையோடும் பாத்திரங்களோடும் அதற்கு எந்தத் தொடர்பும் இல்லை. தலைப்பில் இருந்த ‘2’ என்ற எண், முன் படத்தின் வெற்றியை அறுவடை செய்ய வைத்தது. தலைப்பை மட்டும் பார்த்தால் இதைவிட வெளிப்படையான போலி இருக்க முடியாது.

ஆனால் படத்தைப் பாருங்கள். ஆளில்லாப் படகு ஒன்று நியூயார்க் துறைமுகத்துக்குள் மிதந்து வருகிறது. அதன் தடம் பற்றிப் போனால் கரீபியக் கடலில் மத்தூல் என்ற கற்பனைத் தீவு. அங்கே இரவெல்லாம் முரசொலி கேட்கிறது, இறந்தவர்கள் எழுகிறார்கள், காரணத்தை மருத்துவராலும் கண்டறிய முடியவில்லை. ஓரிடத்தில், நூற்றாண்டுகளுக்கு முன் அத்தீவை வென்ற ஸ்பானியப் படைவீரர்களின் இடுகாட்டு மண் பிளக்கிறது. புழு நெளியும் கண்குழிகளோடு அவர்கள் மெல்ல எழுகிறார்கள். இறுதியில் பிணங்கள் நியூயார்க்கின் புரூக்ளின் பாலத்தின்மேல் நடந்து செல்ல, கீழே வண்டிகள் வழக்கம்போல் ஓடிக்கொண்டிருக்கின்றன. பேரரசுகள் தீவுகளில் புதைத்தவை பேரரசின் நகரத்துக்கே திரும்பி வருகின்றன. இது ரொமெரோவிடம் இல்லாத கேள்வி. ஃபுல்ச்சி இதை முழுதும் எண்ணிச் செய்தாரா என்பது விவாதத்துக்குரியது. தீவின் மக்கள் படத்தில் பெரும்பாலும் பின்னணியாகவே நிற்கிறார்கள் என்பதும் உண்மை. எனினும் கடன் வாங்கிய தலைப்புக்குக் கீழே ஒரு சொந்தப் படம் இருக்கிறது.

அதற்கு அடுத்த ஆண்டு, 1980இல், புரூனோ மத்தேயின் ‘ஹெல் ஆஃப் த லிவிங் டெட்’ வந்தது. ‘டான் ஆஃப் த டெட்’ படத்தில் வரும் சிறப்புக் காவலரின் நீலச் சீருடையை அணிந்த வீரர்கள் இதிலும் வருகிறார்கள். அந்தப் படத்துக்காகக் காப்ளின் அமைத்த இசைத் துண்டுகளே இங்கேயும் ஒலிக்கின்றன. கதை நியூகினியில் நிகழ்வதாகக் காட்டுவதற்கு, வேறு படங்களுக்காக எடுக்கப்பட்ட பழங்குடியினரின் காட்சிகளை இடையிடையே ஒட்டியிருக்கிறார்கள். இத்தனைக்கும் கதையின் அடியில் கூர்மையான ஒரு கருத்து கிடக்கிறது: ஏழை நாடுகளின் மக்கள்தொகையைக் குறைக்க, அவர்களை ஒருவரையொருவர் தின்னவைக்கும் ஒரு வேதிப்பொருளைச் செல்வ நாடுகள் உருவாக்குகின்றன. ரொமெரோவேகூடக் கேட்காத கேள்வி இது. கேட்ட கையோடு படம் அதைக் கைவிட்டுவிட்டுத் துரத்தலுக்கும் துப்பாக்கிச் சூட்டுக்கும் ஓடிவிடுகிறது. எந்த மக்களுக்காக அந்தக் கேள்வி எழுந்ததோ, அவர்களின் உண்மையான வாழ்வும் சடங்கும் ஒட்டுப்போட்ட அலங்காரமாகின்றன. என் அளவுகோலின்படி இது நகல். இசையை எடுத்தது அதற்குக் காரணமில்லை. எடுத்த எதையும் கொண்டு எதையும் எண்ணிப் பார்க்காததே காரணம்.

எதிர்த்திசையில் ஒரு சான்று: டான் ஓ’பேனன் இயக்கி 1985இல் வந்த ‘த ரிட்டர்ன் ஆஃப் த லிவிங் டெட்’. ரொமெரோவோடு முதல் படத்தை எழுதிய ஜான் ரூசோ தனியே பிரிந்தபோது, ‘லிவிங் டெட்’ என்ற பெயரைப் பயன்படுத்தும் உரிமை அவரிடம் இருந்தது. அந்த வழியில் வந்த படம் இது. ரொமெரோவைத் திரும்பச் செய்ய விரும்பாத ஓ’பேனன் வேண்டுமென்றே எல்லாவற்றையும் மாற்றினார். இவருடைய பிணங்கள் ஓடும், பேசும், தலையைச் சிதைத்தாலும் சாகா. மனித மூளையைக் கேட்டு அலறும். மேசையில் கட்டிவைக்கப்பட்ட ஒரு பாதிப் பிணத்திடம் ஏன் என்று கேட்கிறார்கள். இறந்திருப்பது வலிக்கிறது, மூளையைத் தின்றால் வலி சற்றுத் தணிகிறது என்கிறது அது. நகைச்சுவைப் படத்தின் நடுவே அந்த விடையைக் கேட்ட அரங்கம் ஒரு கணம் சிரிப்பை மறந்திருக்கும். இன்று ஜாம்பி என்றதும் குழந்தைகள்கூட ‘மூளை, மூளை’ என்று கத்துகிறார்கள். அது ரொமெரோவிடமிருந்து வந்ததென்றே பலரும் எண்ணுகிறார்கள். வந்ததோ அவரிடமிருந்து விலக விரும்பிய இந்தப் படத்திலிருந்து.

இதெல்லாம் நமக்கு எதற்கு என்று கேட்கும் ஆய்வு மாணவர்களுக்காக, நம் வீட்டு விஷயம் ஒன்று. சில மாதங்களுக்கு முன் வேறொரு துறையில் பயிலும் ஒரு தமிழ்த் தம்பி தன் ஆய்வேட்டின் ஒப்புமை அறிக்கையோடு வந்தான். “அக்கா, 34 சதவீதம் காட்டுது. வார்த்தைகளை மாத்தி மாத்திப் போட்டா பத்துக்குக் கீழ வந்துரும்ல?” என்றான். அவன் அச்சத்துக்குக் காரணம் உண்டு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகளின்படி, ஒப்புமை 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை. 40 வரை ஒரு படி, 60 வரை மற்றொரு படி. அதற்கும் மேலே போனால் பதிவே ரத்தாகும். அறிவுத் திருட்டைத் தடுக்க அந்த விதிகள் தேவைதான். ஆனால் மென்பொருள் காண்பது சொற்களை மட்டுமே.

அன்று அவனுக்கு நன்னூலை நினைவூட்டினேன். நூல்களை முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்று பவணந்தி முனிவர் வகுக்கிறார். முன்னோர் முடிபோடு முழுதும் ஒத்து, தான் விரும்பும் வேறுபாடுகளையும் சேர்த்துச் சொல்வது வழிநூல். ஒரு பகுதி ஒத்து மற்றவற்றில் வேறுபடுவது சார்புநூல். இவற்றில் எதையும் அவர் இழிந்ததாகச் சொல்லவில்லை. அதற்கும் மேலே, பழைய சூத்திரங்களைத் தம் நூலில் அப்படியே எடுத்து வைப்பதற்குக் காரணமும் சொல்கிறார்: முன்னோரின் கருத்தை மட்டுமன்றிச் சொல்லையும் பொன்னாகப் போற்றுவதைக் காட்டவே அவ்வாறு வைக்கிறார். ஒளிக்காமல், காரணம் சொல்லி எடுக்கிறார்.

இப்போது இருவரையும் அந்த மென்பொருளின் முன் நிறுத்திப் பாருங்கள். பவணந்தியின் நூலில் பழைய சூத்திரங்கள் எல்லாம் சிவப்புக் கோடிட்டுக் காட்டப்படும். மாத்தெசனிடமிருந்து சூழ்நிலையையும் வீட்டையும் பலகையடித்த சன்னலையும் எடுத்த ரொமெரோவுக்கு ஒரு சதவீதம்கூட வராது. ஏனெனில் ஒரு வாக்கியமும் ஒத்துப்போகாது. சொல்லை மாற்றி எழுதுவதால் எண் குறையும், கடன் குறையாது. தம்பியிடம் சொன்னது இதுதான்: “யார்கிட்ட எதை எடுத்தேன்னு முதல்ல ஒரு பக்கம் எழுது. அப்புறம் அதுல அவங்க கேக்காத எதை நீ கேட்டேன்னு ஒரு பக்கம் எழுது. ரெண்டாவது பக்கம் காலியா இருந்தா, சதவீதம் பூஜ்யமா இருந்தாலும் பிரயோசனம் இல்ல.” மேற்கோள் குறிகளை முறையாக இட்டு, இரண்டாம் பக்கத்தையும் எழுதிக்கொண்டு வந்தான். நல்ல ஆய்வேடு அது.

அவனுக்குச் சொன்ன அறிவுரை என் ஆய்வேட்டையும் நோக்கித் திரும்பியது. ரொமெரோவின் கடனை எழுதினேன். ஃபுல்ச்சியின் கடனை எழுதினேன். இவர்கள் எல்லோரும் சேர்ந்து பட்ட ஒரு கடன் இருக்கிறது. ‘ஜாம்பி’ என்ற சொல்லே அந்தக் கடன்தான்.

அந்தச் சொல் ஹெய்ட்டியிலிருந்து வந்தது. செயின்ட் டொமிங்கு என்ற பிரெஞ்சுக் குடியேற்றமாக அது இருந்த காலத்தில், ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகள் கரும்புத் தோட்டங்களில் மாண்டார்கள். 1791இல் கிளர்ந்தெழுந்து 1804இல் விடுதலை பெற்றார்கள். சாவு ஒன்றே தம்மை விடுவித்து மூதாதையர் நிலத்துக்குத் திரும்ப அனுப்பும் என்று அடிமைகள் நம்பியதையும், அந்தச் சாவையும் மறுத்து உடலை மீண்டும் வயலில் உழைக்கவைப்பதே ஜாம்பி என்பதையும் ஆய்வாளர்கள் இணைத்துக் காட்டுகிறார்கள். ஹெய்ட்டியின் கதைகளில் ஜாம்பி யாரையும் தின்பதில்லை. ஜாம்பியைக் கண்டு ஹெய்ட்டியர் கொண்ட அச்சம், தானும் அப்படி ஆகிவிடுவோமோ என்ற அச்சம்.

1915 முதல் 1934 வரை அமெரிக்கப் படை ஹெய்ட்டியை ஆக்கிரமித்திருந்தது. அக்காலத்தில் அங்கே சென்ற வில்லியம் சீப்ரூக் 1929இல் ‘த மேஜிக் ஐலண்ட்’ என்ற நூலை எழுதினார். கரும்பு வயலில் உழைக்கும் இறந்தவர்களைப் பற்றி அதில் ஓர் இயல் உண்டு. ஆக்கிரமிப்பு நீங்குமுன்பே, 1932இல், விக்டர் ஹால்பெரின் இயக்கத்தில் ‘ஒயிட் ஜாம்பி’ வந்துவிட்டது. அதில் ஒரு கரும்பாலைக் காட்சி. வெறித்த கண்களோடு ஜாம்பிகள் பெரிய உருளையைச் சுற்றிச் சுற்றித் தள்ளுகிறார்கள். ஒருவன் தவறி ஆலைக்குள் விழுகிறான். மற்றவர்கள் நிற்பதில்லை, ஆலையும் நிற்பதில்லை. அந்தச் சில நொடிகளில் ஹெய்ட்டியின் பழைய அச்சம் முழுதாக இருக்கிறது. ஆனால் தலைப்பே சொல்வதுபோல், படம் கவலைப்படுவது அந்த ஆலைத் தொழிலாளிகளுக்காக அன்று. ஜாம்பியாக்கப்பட்ட ஒரு வெள்ளைப் பெண்ணுக்காக.

1943இல் வால் லூட்டன் தயாரித்து ழாக் தூர்னர் இயக்கிய ‘ஐ வாக்ட் வித் எ ஜாம்பி’ இங்கே ஒரு விதிவிலக்கு. தலைப்பை நிறுவனம் தலையில் கட்டியது; கதையின் எலும்பு ‘ஜேன் அயர்’ நாவலிலிருந்து வந்தது. சொந்தமென்று சொல்ல எதுவும் மிஞ்சாத நிலை. ஆயினும் படத்தில் ஒரு வண்டிக்காரர், புதிதாக வந்த வெள்ளைச் செவிலிப் பெண்ணிடம், தன் முன்னோரைக் கப்பலின் அடியில் சங்கிலியிட்டுக் கொண்டுவந்த வரலாற்றைச் சொல்கிறார். அழகான இடத்துக்குத்தானே கொண்டுவந்தார்கள் என்கிறாள் அவள். நீங்கள் சொன்னால் சரி என்ற பொருளில் அவர் அமைதியாக விடையளிக்கிறார். அந்தக் கப்பலின் முகப்புச் சிலை, அம்பு தைத்த உடலோடு, தோட்ட முதலாளியின் முற்றத்தில் நிற்கிறது. வாங்கிய தலைப்பும் வாங்கிய கதையும் கொண்டு, கடன் யாருக்கு உரியதோ அவர்களை இப்படம் நினைவில் வைத்திருக்கிறது.

ரொமெரோ 1968இல் தன் பிணங்களை ஜாம்பி என்று அழைக்கவில்லை. அப்பெயரைச் சூட்டியவர்கள் பார்வையாளர்களும் விமர்சகர்களும். 1978இன் படத்தில் பீட்டர் என்ற கறுப்பினக் காவலர், டிரினிடாடில் பூசாரியாக இருந்த தன் தாத்தாவின் வாக்கு ஒன்றை நினைவுகூர்கிறார். கரீபியத்தை நோக்கி நீளும் மெல்லிய நூல் அது. மற்றபடி சொல் தங்கிவிட்டது, அச்சம் தலைகீழாகிவிட்டது. அடிமையாக ஆகிவிடுவோமோ என்ற அச்சம் போய், கூட்டமாக வருபவர்கள் நம்மைத் தின்றுவிடுவார்களோ என்ற அச்சம் வந்து அமர்ந்தது. உழைப்பவனின் அச்சத்தை வீட்டுக்காரரின் அச்சமாக மாற்றியது இந்த மரபு. இதை ஒப்புமை மென்பொருளும் காணாது, நீதிமன்றமும் காணாது. ஹெய்ட்டியர் எவரும் இதற்காக வழக்குத் தொடுக்கவும் இயலாது. அங்கே எடுக்கப்பட்டது ஒரு மக்களின் துயரம், அதற்குப் பதிப்புரிமை அறிவிப்பு ஏது?

என் ஆய்வேட்டின் கால எல்லை 1968 முதல் 1985 வரை. ஹெய்ட்டியைச் சேர்க்க வேண்டும் என்றபோது, மதிப்பீட்டுக் குழுவில் ஒருவர் எல்லையை மீற வேண்டாம் என்றார். உதவித்தொகை முடியச் சில மாதங்களே உள்ளன என்பதையும் அன்போடு சுட்டிக்காட்டினார். அவர் சொன்னது நடைமுறைக்குச் சரி. என் நெறியாளர் நான் எழுதியதைப் படித்துவிட்டு, “முதல்நூலைச் சொல்லாமல் வழிநூலை எப்படி விளக்குவாய்?” என்று மட்டும் கேட்டார். அவர் தமிழர் அல்லர். அந்த இரு சொற்களையும் என் வரைவிலிருந்தே கற்றிருந்தார். உதவித்தொகை முடிந்தபின் ஒரு பருவம் பகுதிநேர வகுப்பெடுத்துக்கொண்டாவது அந்த இயலை எழுதுவது என்று முடிவு செய்திருக்கிறேன். ஆய்வேடு இப்போது ரொமெரோவின் பண்ணை வீட்டில் தொடங்கவில்லை, கரும்பாலையில் தொடங்குகிறது.

ஆகவே, ‘எல்லாம் ஒன்றைப் பார்த்து ஒன்று எடுத்தவைதானே’ என்று கேட்பவர்களுக்கு என் விடை: ஆம், எல்லாம் எடுத்தவைதான். யாரிடமிருந்து எடுத்தார்கள், எடுத்ததைக் கொண்டு எதைக் கேட்டார்கள், எடுக்கும்போது எதை விட்டுவிட்டு வந்தார்கள் என்ற மூன்றையும் ஒவ்வொரு படத்திடமும் கேட்டுப் பாருங்கள். மூன்றாவது கேள்விக்குப் பல நல்ல படங்களும் தலைகுனியும்.

‘ஐ வாக்ட் வித் எ ஜாம்பி’ 70 நிமிடங்களுக்குள் முடிந்துவிடும் சிறிய படம். இதுவரை பார்க்காதவர்கள் அதிலிருந்து தொடங்கலாம். ஹெய்ட்டியின் வாய்மொழி மரபு பற்றிப் பிரெஞ்சு அறிந்த நண்பர்கள் எவரேனும் படித்திருந்தால், கருத்துப் பகுதியில் எழுதுங்கள். பயன்படுத்திக்கொண்டால், ஆய்வேட்டின் நன்றியுரையில் உங்கள் பெயர் இருக்கும்.